தகாட்டா ஏர்பேக் ரீகால்: பழைய கரோலாவை ஓட்டலாமா, நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: கொங்குநாடன் (சுகர்லேண்ட், டெக்சஸ்)

நண்பர்களுக்கு வணக்கம். என் மகன் இந்த ஆண்டு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். வீட்டிலிருந்து வகுப்புக்குப் போய் வருவதற்காக 2003ஆம் ஆண்டின் டொயோட்டா கரோலா ஒன்றைத் தனியார் ஒருவரிடமிருந்து வாங்கினோம். எஞ்சினும் கியரும் நல்ல நிலையில் இருக்கின்றன. விற்றவர் அந்த வண்டியின் மூன்றாவது உரிமையாளர். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது என்று எல்லா ரசீதுகளையும் ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தார். காப்பீட்டுக்காக வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) கொடுக்க வேண்டியிருந்தபோது, அதே எண்ணை மத்திய அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்திலும் இட்டுப் பார்த்தேன். முன்பயணி இருக்கைக்கு எதிரே உள்ள ஏர்பேக்கை விரிக்கும் பாகமான இன்ஃபிளேட்டர் தகாட்டா நிறுவனத்தின் தயாரிப்பு என்றும், அதற்கான ரீகால் பணி, அதாவது வண்டியைத் திரும்ப அழைத்துப் பழுதான பாகத்தை மாற்றும் பணி, இந்த வண்டியில் இன்னும் செய்யப்படவில்லை என்றும், அது முடியும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றும் அங்கே காட்டியது.

அருகிலுள்ள ஒரு விற்பனையகத்தின் சர்வீஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். பணி இலவசம் என்றும், ஆனால் அடுத்த வாரத்திற்குப் பிறகுதான் நேரம் ஒதுக்க முடியும் என்றும், வண்டியை நாங்களே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றும் சொன்னார்கள். தளத்தில் ஒன்று எழுதியிருக்க, இவர்கள் வேறொன்று சொல்வதால் குழப்பமாக இருக்கிறது. பழுது இருப்பது பயணி பக்கத்தில்தானே, அந்த இருக்கையில் யாரும் உட்காராமல் மகன் மட்டும் ஓட்டினால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், கவலையாக இருந்தால் அந்த ஏர்பேக்கின் இணைப்பையே கழற்றி விடுகிறேன், அரைமணி நேர வேலை என்கிறார்.

இத்தகைய ரீகாலைக் கடந்து வந்தவர்களும் இதன் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் வழி சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் என் அண்ணன் 2013ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறார். அதையும் அவர் இரண்டாம் கையாகத்தான் வாங்கினார். இந்தியாவில் ஓடும் வண்டிகளுக்கும் இதே பிரச்சினை உண்டா?

பதில்: இளம்பரிதி (தாம்பா, ஃபுளோரிடா)

வணக்கம். நான் வாகன உதிரிபாகத் துறையில் பணிபுரியும் இயந்திரப் பொறியாளர். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். வண்டியை ஓட்ட வேண்டாம். விற்பனையகம் வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம்.

2024ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் டொயோட்டா நிறுவனமே 2003, 2004ஆம் ஆண்டுகளின் கரோலா, கரோலா மேட்ரிக்ஸ் வண்டிகளுக்கும் 2004, 2005ஆம் ஆண்டுகளின் ராவ்ஃபோர் வண்டிகளுக்கும் உடனடியாக ஓட்டுவதை நிறுத்துமாறு அறிவிப்பு விடுத்தது. அமெரிக்கச் சாலைகளில் அப்போது சுமார் 50,000 வண்டிகள் அந்த நிலையில் இருந்தன. அந்த அறிவிப்பிலேயே மாற்று வழிகளும் சொல்லப்பட்டிருந்தன. தொழில்நுட்பப் பணியாளர் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து மாற்றிக் கொடுக்கலாம், அல்லது வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லலாம். ஆகவே சர்வீஸ் பிரிவில் தொலைபேசியை எடுப்பவரோடு வாதாடிக்கொண்டிருக்காமல், டொயோட்டாவின் வாடிக்கையாளர் பிரிவை நேரடியாக அழைத்து, ‘ஓட்ட வேண்டாம்’ என்ற அறிவிப்புக்கு உட்பட்ட வண்டி என்று சொல்லி, வின் எண்ணைக் கொடுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். ஏர்பேக் விரிய வேண்டுமென்றால், மோதிய கணத்திலிருந்து நூறில் சில பங்கு விநாடிகளுக்குள் பெருமளவு வாயு உருவாக வேண்டும். உலோகக் குப்பிக்குள் அடைக்கப்பட்டிருக்கும் வேதிப்பொருள் வில்லைகள் எரிந்துதான் அந்த வாயு பிறக்கிறது. அந்தக் குப்பிதான் இன்ஃபிளேட்டர். தகாட்டா நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. விலை மலிவானது, எரிந்தபின் கசடு குறைவாக விடுவது என்பவை அதன் நன்மைகள். ஆனால் அம்மோனியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு. அத்துடன், சாதாரணமாக நாம் வாழும் வெப்பநிலைகளுக்குள்ளேயே, 32 டிகிரி செல்சியஸையொட்டி, அதன் படிக அமைப்பு மாறிப் பருமனும் மாறும். வேறு பொருட்களைச் சேர்த்து அதை நிலைப்படுத்தியிருந்தார்கள் என்றாலும், ஈரத்திலிருந்து வில்லைகளைக் காக்கும் உலர்த்திப் பொருளைப் பழைய இன்ஃபிளேட்டர்களில் வைக்கவில்லை.

பகலில் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டு காய்கிறது, இரவில் குளிர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நாள்தோறும் நடக்கிறது. ஈரமும் உள்ளே புகுந்தால் வில்லைகள் மெல்ல மெல்ல நுண்துளைகள் கொண்டவையாக மாறுகின்றன. முழு விறகைவிட அதையே சிராய்களாக்கிப் போட்டால் சட்டென்று பற்றி எரிவதைப் போல, துளைபட்ட வில்லை ஒரே நொடியில் எல்லாப் பரப்பிலும் எரிந்துவிடுகிறது. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அழுத்தம் பலமடங்கு எழும்போது அந்தக் குப்பி தாங்காமல் வெடிக்கிறது, அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஆட்களை நோக்கிப் பாய்கின்றன. பத்து வாகன நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஆய்வுக் கூட்டமைப்பு 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட முடிவும் இதுவே: உலர்த்தி இல்லாத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை முழுமையாகத் தடுக்காத இன்ஃபிளேட்டர் கட்டமைப்பு, அதிக ஈரப்பதத்தோடு கூடிய வெப்ப ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து.

ஹூஸ்டனில் வாழும் உங்களுக்கு இந்த மூன்றாவது காரணத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வளைகுடாக் கடற்கரையில் கோடை முழுவதும் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் ரீகால் வரிசையை வகுத்தபோது ஃபுளோரிடா, டெக்சஸ், ஹவாய் போன்ற இடங்களை முதல் மண்டலத்தில் வைத்தார்கள். வண்டி பழையதாக ஆக ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. சென்ற ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இந்த ஆண்டைக் கணக்கிட முடியாது.

பயணி இருக்கை காலியாக இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தெறிக்கும் துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுநரின் கழுத்து அந்த இடத்திலிருந்து கைநீட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மேலும், அந்த 2024 அறிவிப்பில் அடங்கிய கரோலாக்களில் சிலவற்றுக்கு மோதலே இல்லாமல் ஏர்பேக் விரிந்துவிடக்கூடும் என்ற இன்னொரு ரீகாலும் உண்டு. வின் எண்ணை இட்டபோது வந்த பக்கத்தை முழுவதும் படித்து, ரீகால்கள் ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சுற்றிலும் சென்சாரிலும் பழுது ஏற்பட்டால் அது எரியும். உலோகக் குப்பிக்குள் வில்லைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அறியும் வழி அந்த விளக்குக்குக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்து எந்த மெக்கானிக்காலும் அறிய முடியாது. ஆகவே விளக்கு எரியாததை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொங்குநாடன்

மிக்க நன்றி, ஐயா. வண்டியை இன்றே கராஜில் நிறுத்திவிட்டோம். நீங்கள் சொன்னபடி பக்கத்தை முழுவதும் படித்தேன். இன்ஃபிளேட்டருக்கான ரீகால் மட்டும்தான் நிலுவையில் இருக்கிறது. மெக்கானிக் சொன்னதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மாற்றும்வரை தற்காலிகமாக இணைப்பைக் கழற்றி வைப்பது தவறா? இப்படிப்பட்ட வண்டியை ஒன்றும் சொல்லாமல் விற்றது சட்டப்படி சரிதானா என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

பதில்: மீனாட்சிசுந்தரம் (டாலஸ், டெக்சஸ்)

உங்கள் பகுதி என்பதால் ஒன்றை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 2016ஆம் ஆண்டு வசந்த காலத்தில், உங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலேயே, ரிச்மண்ட் நகருக்கு அருகில் 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஓட்டிச்சென்ற 17 வயதுப் பெண் ஒருவர் முன்னால் சென்ற வண்டியின் பின்பக்கத்தில் மோதினார். சாதாரண மோதல்தான், எல்லோரும் நடந்து வெளியே வந்திருக்க வேண்டிய விபத்து. தகாட்டா இன்ஃபிளேட்டரின் துண்டு கழுத்தில் பாய்ந்து அவர் இறந்தார். ரீகால் கடிதங்கள் பலமுறை அனுப்பப்பட்டதாக நிறுவனம் சொன்னது. தங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை என்று குடும்பம் சொன்னது. கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் இந்த இரண்டு கூற்றுகளுமே உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இந்த ரீகாலின் மிகப் பெரிய துயரம் என்று நான் கருதுகிறேன். கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகிறது. வீடு மாறியவர், வண்டியை விற்றவர், பதிவை மாற்றாமலே ஓட்டுபவர் என்று இடையில் எத்தனையோ பேர். உறையைப் பார்த்து விளம்பரம் என்று குப்பையில் போடுபவர்களும் உண்டு.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ரீகால் நிலுவையிலுள்ள புதிய வண்டியை விற்பனையகம் விற்கக் கூடாது என்பது மத்திய சட்டம். வாடகைக்கு விடும் நிறுவனம் 35 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருந்தால், ரீகால் முடிக்காத வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்பதும் 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பழைய வண்டி விற்பனைக்கு அப்படியொரு மத்தியத் தடை இல்லை. வாடகைக்கு ஒருநாள் எடுப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பல ஆண்டுகள் ஓட்டுவதற்காகக் காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத ஓர் ஓட்டையாகத் தெரிகிறது. தனியாரிடம் வாங்கிய உங்களுக்கு விற்றவர்மீது வழக்குப் போட்டுப் பயன் இராது. அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். பணி இலவசமாக நடக்கப்போகிறது என்பதால் அந்த நேரத்தை வண்டியைச் சரிசெய்வதில் செலவிடுங்கள்.

இணைப்பைக் கழற்றும் யோசனையைக் கைவிடுங்கள். ஏர்பேக்கின் மின்சுற்றில் கைவைத்துப் பழகாதவர் அதைக் கழற்றும்போதே அது விரியக்கூடும். உங்கள் வண்டியில் அப்படி விரிவதன் பொருள் என்ன என்பதை மேலே நண்பர் எழுதிவிட்டார். வண்டி எப்படியும் கராஜில் நிற்கப்போகிறது என்றால் கழற்றுவதற்குத் தேவையும் இல்லை. கழற்றி வைத்துவிட்டால், இனி ஆபத்தில்லை என்ற எண்ணத்தில் அப்படியே ஓட்டத் தொடங்கிவிடுவோம் என்பதுதான் என் அச்சம். ஏர்பேக் என்ற கருவியே கேடு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டிலிருந்து 2017ஆம் ஆண்டு வரை முன்புற ஏர்பேக்குகள் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருப்பதாகப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. நல்ல ஏர்பேக் அந்த வண்டிக்கு வேண்டும்.

நல்ல ஏர்பேக் என்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு நீங்கள் நான்காவது உரிமையாளர். இதற்கு முன் எப்போதாவது பெரிய விபத்தில் சிக்கி, ஏர்பேக் விரிந்து, வேறு ஏர்பேக் பொருத்தப்பட்டதா என்பதை வண்டி வரலாற்று அறிக்கை ஒன்றை வாங்கிப் பாருங்கள். தரமற்ற வெளிநாட்டு இன்ஃபிளேட்டர்கள் விபத்துக்குள்ளான பழைய வண்டிகளில் மாற்றாகப் பொருத்தப்பட்டு, அவை வெடித்துச் சிலர் இறந்ததைப் பற்றிப் பாதுகாப்பு நிர்வாகம் 2024ஆம் ஆண்டு கோடையில் தனி எச்சரிக்கை விடுத்தது. வின் எண் தேடலில் இது வெளிப்படாது. ஏனென்றால் அது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பாகத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறது. விபத்து நடந்ததாக அறிக்கையில் இருந்தால், ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கையும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி விற்பனையகத்தில் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்திலோ உடைத்த வண்டிக் கிடங்கிலோ ஏர்பேக் வாங்கவே வேண்டாம்.

பதில்: நிலானி (சிட்னி, அவுஸ்திரேலியா)

அண்ணா, உங்கள் நாட்டில் இந்த ரீகால் 2008ஆம் ஆண்டில் சில ஆயிரம் ஹொண்டா வாகனங்களோடு ஆரம்பித்துப் பின்னர் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃபிளேட்டர்கள் வரை வளர்ந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் உங்கள் கரோலாவைப் போன்றவை பழுதோடு வீதியில் ஓடுகின்றன என்பதைப் படிக்கும்போது, இங்கே நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது.

2017ஆம் ஆண்டு ஜூலையில் சிட்னியில் ஒருவர் ஹொண்டா சீஆர்வீ ஓட்டிச் சென்றபோது ஏர்பேக்கின் துண்டு பாய்ந்து இறந்தார். அதுவரை நிறுவனங்கள் தாமாகவே ரீகால் செய்துகொண்டிருந்தன, வேகம் போதவில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் மத்திய அரசு கட்டாய ரீகால் ஆணை பிறப்பித்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதற்குள் வந்தன. 2020 டிசெம்பர் 31-க்குள் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கெடு வைக்கப்பட்டது. கடிதம் போட்டோம், பதில் வரவில்லை என்று கைகழுவ முடியாது. உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் கடமையாயிற்று. வீடு தேடி ஆட்கள் வந்ததை எங்கள் வெண்ட்வேர்த்வில் பகுதியிலேயே பார்த்திருக்கிறோம்.

அதற்கு மேல், மிக ஆபத்தான வகை ஏர்பேக் கொண்ட வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க மாநிலங்கள் மறுத்தன, சிலவற்றின் பதிவை இரத்தும் செய்தன. எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் கடிதங்களைப் பொருட்படுத்தாமல் இருந்தார். பதிவு நின்றுவிடும் என்ற கடிதம் வந்த பிறகுதான் நேரம் ஒதுக்கி வாகனத்தைக் கொடுத்தார். கெடு முடிந்தபோது அந்த ஆணைக்குள் வந்த வாகனங்களில் ஏறத்தாழ அனைத்துமே மாற்றப்பட்டோ கணக்கில் காட்டப்பட்டோ இருந்தன. ஒவ்வொரு ஆண்டும் எல்லோரும் தவறாமல் செய்யும் காரியம் பதிவைப் புதுப்பிப்பதுதான். ரீகாலை அதனோடு கட்டிவிட்டால் எத்தனை கை மாறிய வாகனமாக இருந்தாலும் தப்ப முடியாது. உங்கள் மாநிலங்களிலும் இதைக் கேட்டு எழுத வேண்டியது உங்களைப் போன்றவர்களே.

இன்னொரு விடயம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆரம்ப ஆண்டுகளில் புதிய வகை இன்ஃபிளேட்டர் போதிய அளவு கிடைக்காததால், பல வாகனங்களில் பழைய தகாட்டா ஏர்பேக்கை எடுத்துவிட்டு அதே வகையில் புதியதொன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள். புதியதில் ஈரம் இன்னும் புகவில்லை என்பதால் சில ஆண்டுகள் தாங்கும் என்பது அதன் நியாயம். அந்த வாகனங்களை மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே, ‘முன்பே ரீகால் செய்தாயிற்று’ என்று ஒருவர் ரசீது காட்டி வாகனம் விற்றாலும், இன்றைய திகதியில் அடையாள எண்ணை இட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உங்கள் அண்ணாவின் வாகனத்துக்கும் இது பொருந்தும்.

பதில்: திருவேங்கடம் (சென்னை)

கோயம்புத்தூர் வண்டியைப் பற்றி நான் எழுதுகிறேன். ஆம், இந்தியாவில் ஓடும் வண்டிகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. ஹோண்டா நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் 2012ஆம் ஆண்டுத் தயாரிப்புகளில் 41,580 வண்டிகளையும், 2018ஆம் ஆண்டு ஜனவரியில் 2013ஆம் ஆண்டுத் தயாரிப்புகளில் 22,834 வண்டிகளையும் தகாட்டா இன்ஃபிளேட்டருக்காக ரீகால் செய்தது. இரண்டாவது தொகுதியில் 22,084 வண்டிகள் சிட்டிதான். ஆகவே உங்கள் அண்ணனின் வண்டி அதில் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண் என்று இருப்பதுதான் அந்த 17 இலக்க அடையாள எண். ஹோண்டாவின் இந்தியத் தளத்தில் அதை இட்டால் நிலுவை இருக்கிறதா என்று காட்டும். இணையம் பழக்கமில்லாவிட்டால், ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குப் போனாலும் பார்த்துச் சொல்வார்கள். பணம் கேட்கக் கூடாது.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதால் சட்ட நிலையையும் சொல்கிறேன். நீண்ட காலம் ரீகால் என்பது இங்கே நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 2012ஆம் ஆண்டில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்துக்கொண்ட தன்னார்வ நெறிமுறை மட்டுமே இருந்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற புதிய பிரிவு வந்து, மத்திய அரசே ரீகாலுக்கு ஆணையிடலாம் என்றாயிற்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் அபராதமும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்தக் கட்டாயம் பொருந்தும். தகாட்டா இன்ஃபிளேட்டரோ காலம் செல்லச் செல்லத்தான் ஆபத்தாகிறது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் திறந்த வெயிலில் நிற்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். இந்த ஏழு ஆண்டு வரம்பு பாதுகாப்புக் குறைபாடுகளுக்குப் பொருந்தாதபடி மாற்றப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறுவனம் தானாகச் செய்த ரீகாலுக்கு அந்த வரம்பு தடையில்லை என்பதால் உங்கள் அண்ணன் தயங்காமல் போகலாம்.

எல்லா ஏர்பேக் ரீகாலும் தகாட்டா சம்பந்தப்பட்டது அல்ல என்பதையும் வாசிக்கும் மற்றவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மாருதி சுசுகி நிறுவனம் ஆல்டோ கே10, பலேனோ, பிரெஸ்ஸா உள்ளிட்ட 17,362 புத்தம்புதிய வண்டிகளை ரீகால் செய்தது. அதில் பழுது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் இருந்தது. மோதினால் ஏர்பேக் விரியாமலே போகலாம் என்பதால், மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று நிறுவனமே அறிவுறுத்தியது. வண்டி புதியது என்பதற்காக எண்ணைச் சரிபார்க்காமல் இருக்க வேண்டாம்.

கொங்குநாடன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டொயோட்டாவின் வாடிக்கையாளர் பிரிவை அழைத்து, ‘ஓட்ட வேண்டாம்’ என்ற அறிவிப்புக்கு உட்பட்ட வண்டி என்று சொன்னவுடன் பேச்சின் தன்மையே மாறிவிட்டது. இழுவை வண்டி அனுப்பி எடுத்துச் சென்று, மாற்றிக் கொடுப்பதாக உறுதி அளித்திருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. வரலாற்று அறிக்கையும் வாங்கினேன். ஏர்பேக் விரிந்த விபத்து எதுவும் பதிவாகவில்லை. அண்ணனிடம் பேசினேன், ஆர்.சி.யோடு சர்வீஸ் நிலையத்துக்குப் போகிறார். வண்டி திரும்பி வரும்போது நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பதில்: இளம்பரிதி (தாம்பா, ஃபுளோரிடா)

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. வேலை முடிந்த சீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் உங்கள் வின் எண்ணும், ரீகால் எண்ணும், பொருத்திய புதிய பாகத்தின் எண்ணும், தேதியும் இருக்க வேண்டும். பொருத்தியது இறுதியான மாற்றுப் பாகமா, மீண்டும் மாற்ற வேண்டிய தற்காலிகப் பாகமா என்று சகோதரி நிலானி எழுப்பிய கேள்வியை அங்கேயே கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சாவியைப் போட்டுத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைகிறதா என்று நின்று பாருங்கள். எரியாமலே இருந்தாலும், அணையாமல் இருந்தாலும் வண்டியை எடுக்காமல் அவர்களிடமே விடுங்கள்.

சில வாரங்கள் கழித்து அதே தளத்தில் வின் எண்ணை மறுபடி இட்டுப் பார்த்தால், நிலுவை எதுவும் இல்லை என்று வர வேண்டும். அப்படி வராவிட்டால் சீட்டைக் காட்டிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். வண்டியின் பதிவு உங்கள் பெயருக்கும் இன்றைய முகவரிக்கும் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதம் எதுவாக இருந்தாலும் அந்த முகவரிக்குத்தான் வரும். அந்தச் சீட்டை விற்றவர் கொடுத்த ரசீதுகளோடு சேர்த்தே வையுங்கள், நாளை இந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்குபவர் கையில் அது இருக்க வேண்டும்.